கடைசி பெஞ்சுக்காரனின் கை

பண்ருட்டி பலா மண்டியில் ஏலம் கூறுவது என் தொழில். விடிந்ததும் அண்ணாகிராமம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து டிராக்டர்கள் வந்து பழத்தை இறக்கும். ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று கத்த ஆரம்பித்தால் பத்து மணிக்குத்தான் வாயை மூடுவேன். அதற்கப்புறமும் மூடுவதில்லை என்பது என் மனைவியின் வாக்குமூலம்.

நான் பிறந்தது சிதம்பரம் கீழவீதியில். மனைவி கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன்காரி, மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். மதம் மாறு என்று அவள் என்னைக் கேட்டதில்லை, நானும் அவளைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு வண்டி மேலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு சித்திரை வெயிலில், உள்ளே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என்னை உள்ளே இழுத்தது தேவனுடைய சத்தம் அல்ல, ஃபேன் சத்தம். இருபத்து மூன்று வருடமாக அதே பெஞ்சுதான்.

ஒரு அறுப்பின் பண்டிகையில் என் தொழில் வெளியே தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சபையார் பூசணி, வாழைத்தார், பலா, சேவல் என்று தங்களிடம் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவை ஏலம் போகும். அந்த வருடம் ஏலம் கூற வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "மாமா, ஏறுங்க"ன்னு என் மச்சான் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, குடிகாடு பக்கத்து ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஏறினேன். நோஞ்சான் சேவல் ஒன்றுக்கு, வேதாகமத்தில் பேதுருவின் காதில் கூவிய சேவலின் நேர் வாரிசு என்று வம்சாவளி சொன்னேன். பெஞ்சில் சிரிக்கவே கூடாது என்று வளர்ந்தவர்கள் மரத்தடியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வருடாவருடம் நான்தான். கூட்டத்தில் குரல் கொடுக்கக் கூச்சப்படும் அம்மாக்களுக்காக ஒரு வழியும் வைத்திருந்தேன்.

"வாய் வரலன்னா வெக்கப்படாதீங்கம்மா. கையத் தூக்குங்க, போதும். இங்க கையும் பேச்சுதான்."

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை புதுச்சேரிப் பையன், கிறிஸ்தவக் குடும்பம்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் ஆகப்போகிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் அறிவிப்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் இருமக்கூட யோசிப்பார்கள். முதல் ஞாயிறு ஓலை வாசித்தபோது, ஒரு தரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தொழில் புத்தி.

இரண்டாவது ஞாயிறு, முன் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியின் மூத்த உறுப்பினர். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்தவர் அவர். விசுவாசம், அன்பு இரண்டும் அவரிடம் உண்டு. இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வராது, அதுதான் சிக்கல்.

"பொண்ணு மேலயும் குத்தமில்ல, பையன் மேலயும் குத்தமில்ல" என்றார். "பொண்ணக் கையப் புடிச்சிக் கூட்டிவந்து குடுக்கப்போறது யாருன்னு சபைக்குத் தெரியணும். ஞானஸ்நானம் வாங்காதவரு பலிபீடத்துக்கு முன்னாடி நின்னு குடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கமிட்டி பேசி முடிவு பண்ணட்டும்."

சபை முழுதும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. ஏலத்தன்று அந்தத் தலைகள் என் பக்கம் திரும்பினால் எனக்கு ஒரு கிறக்கம் வரும். அன்றைக்கு வந்தது வேறு. எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம் வாய் ஜோக்கடிக்கும். இரண்டும் வரிசையாக வந்தன. பக்கத்தில் இருந்தவரிடம், "நல்லவேளை, மாப்ளய வேணான்னு சொல்லல"ன்னு சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் எழுந்து கழிவறையைத் தேடிப் போனேன்.

வேண்டியது ஒன்றே ஒன்றுதான் எனக்கு. வாசலிலிருந்து பலிபீடம் வரைக்கும் முப்பது அடி, அந்த முப்பது அடியை மகளோடு நடக்க வேண்டும். அவள் தவழ்ந்தது அந்தத் தரையில். மூன்று வயதில் பிரசங்கத்தின் நடுவே என் மடியிலிருந்து நழுவி, பெஞ்சுகளுக்கு அடியிலேயே ஊர்ந்து, ஆயரின் அங்கியைப் பிடித்து எழுந்து நின்றவள். அன்றைக்கு அவளைத் தூக்கிவரப் பலிபீடம் வரை போனவன் நான்தான். அப்போது யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆயர் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர், சண்டை என்றாலே வியர்த்துவிடும் மனிதர்.

"ஞானஸ்நானம் வாங்கிட்டீங்கன்னா பிரச்சனையே இல்லிங்க. பத்து நிமிஷம்தான்."

"வாங்கிடறேன்யா. சந்தேகம்னா ரெண்டு தடவகூட வாங்கிக்கறேன்" என்றேன். இவ்வளவு வேகமாக மண்டியில்கூட நான் எதையும் முடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து, பெரிய தியாகம் செய்துவிட்ட முகத்தோடு மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பயந்துக்கினு போயி எடுத்துக்க அது என்னா நாய்க்கடி ஊசியா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காகவா? இருவத்தி மூணு வருசத்துல ஒரு நாளு கேட்டிருப்பனா? நெஜமா தோணுச்சுன்னா சொல்லுங்க, மொத ஆளா நான் வந்து நிக்கறேன். போட்டோவுக்காகத் தண்ணி தெளிச்சிக்கினீங்கன்னா நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். எனக்கு அது வெளாட்டில்ல."

மகள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அது இருக்கட்டும். குடுக்கறது குடுக்கறதுன்னு எல்லாரும் பேசறீங்களே, நான் என்னா பலாப்பழமா, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாத்த? அப்பா, நீங்க குடுக்க வேணாம். கூட நடந்து வாங்க. அது போதும் எனக்கு."

அன்றைக்குச் சாயங்காலமே ஆயருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். அது வருத்தமா நிம்மதியா என்று இன்றுவரை தெரியவில்லை. சனிக்கிழமை மாலை கமிட்டி கூடும், நான் வந்து பேசலாம் என்றார். அதற்குள் ஒரு மாற்று ஏற்பாடும் யாரோ சொல்லிவிட்டார்கள்: தாய்மாமன் கையைப் பிடித்துக் கூட்டிவரட்டும். மச்சானைக் கேட்டேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. கோட்டுக்கு அளவு குடுத்துட்டேன்."

"அடப்பாவி, நேத்துதானடா பேச்சே வந்துச்சி?"

"டெய்லர் பிஸி மாமா. மொதல்லயே சொன்னாதான் தருவான்."

துரோகி என்று திட்டிவிட்டு, துணி என்ன கலர் என்று கேட்டேன். பயத்தில் எனக்கு எல்லாக் கேள்வியும் ஒரே எடையில்தான் வரும்.

புதன்கிழமை சிதம்பரம் போனேன். அண்ணன் கீழவீதியில் கோயில் செருப்புக் காப்பகத்துக்கு எதிரே பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். சொன்னதைக் கேட்டுக்கொண்டே கற்பூரப் பொட்டலம் மடித்தார்.

"ஏன்டா, எங்ககிட்ட கேக்காம கட்டிக்கின. அவுங்க சாமிய கும்புடவும் இல்ல, நம்ம சாமிகிட்ட ஒழுங்கா வரவும் இல்ல. இப்ப எந்தப் பக்கம் பந்த ஒதைச்சாலும் கோலு ஒன் பக்கந்தான்."

"ண்ணா, நான் ஆறுதலுக்கு வந்தேன்."

"ஆறுதலு இங்க விக்கறதில்ல, கற்பூரந்தான். ஒண்ணு சொல்றேன் கேளு. கோயிலு உள்ள அந்த ரகசியத் திரைய வெலக்கிக் காட்டறாங்களே, என்னாடா இருக்கு அங்க?"

"ஒண்ணும் இல்ல. வில்வ மாலை தொங்கும்."

"ஒண்ணும் இல்லாததப் பாத்து இத்தன ஜனம் கையக் கூப்புது. எவனையாவது வாசல்ல நிறுத்தி, உள்ள என்னா தெரிஞ்சுதுன்னு பரீட்ச வெக்கறமா? போயி அவுங்க புஸ்தகத்துல என்னா எழுதியிருக்குன்னு நல்லா படி. நீ ஒத படறதுன்னா படிச்சிட்டுப் படு."

படித்தேன். மனைவியின் வேதாகமத்தை மண்டிக்குக் கொண்டுபோய், ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே பழக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். பக்கமெல்லாம் பலாப்பிசின். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கும் மாணவனைப் போல, எது கேட்பார்கள், எத்தனை மதிப்பெண் என்ற கணக்கில்தான் ஆரம்பித்தேன். விசுவாசம் என்பது சரியான விடை, அன்பு என்பது நல்ல கையெழுத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பவுல் முதல் அடியைப் போட்டார். மலையைப் பெயர்க்கும் அளவுக்கு விசுவாசம் இருந்தும் அன்பு இல்லையென்றால் ஒன்றுமில்லை என்கிறார். சந்தோஷத்தில் தலைமையாசிரியரை மனக்கண்ணில் பார்த்து மீசையை முறுக்கினேன். அதே அதிகாரத்தின் முதல் வரி, அன்பில்லாமல் பேசுகிறவன் சத்தம் போடும் வெண்கலம் என்றது. மீசையை விட்டுவிட்டேன். கடலூர் மாவட்டத்திலேயே ஜாஸ்தி சத்தம் போடும் வெண்கலம் யார் என்று எனக்குத் தெரியும்.

யோவான் இன்னும் மோசம். அன்பு முழுசாக இருந்தால் பயத்தை வெளியே துரத்திவிடுமாம். அப்படிப் பார்த்தால் என் அன்பு பாஸ் மார்க்குக்குக் கீழே. காது சூடாகவேதான் இருந்தது. ஆனால் அவரிடமும் நான் சண்டைக்கு நிற்கிறேன். என் விஷயத்தில் பயம் இறங்கிப் போகவில்லை, வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தது. ஓட்டியது வேறு ஆள். அதைத் துரத்தியதாகக் கணக்கில் வைப்பீர்களா மாட்டீர்களா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

அப்புறம்தான் மத்தேயுவில் அந்தக் கானானியப் பெண் வந்தாள். பிரசங்கத்தில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஃபேன் காற்றில் கேட்டது காதோடு போய்விட்டது. அவள் வெளி ஜாதிக்காரி. மகளைப் பிசாசு பிடித்து வாட்டுகிறது என்று இயேசுவின் பின்னால் கத்திக்கொண்டே வருகிறாள். முதலில் பதிலே இல்லை. சத்தம் தாங்கவில்லை, அனுப்பிவிடுங்கள் என்கிறார்கள் சீஷர்கள், அதாவது அன்றைய கமிட்டி. நான் இஸ்ரவேலருக்காகத்தான் வந்தேன் என்கிறார் இயேசு. அவள் காலில் விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்கிறார். நானாக இருந்தால் அங்கேயே அழுதுகொண்டு திரும்பியிருப்பேன். அவள், மெய்தான் ஆண்டவரே, ஆனால் மேசையிலிருந்து சிந்துகிற துணுக்கை நாய்க்குட்டி தின்னத்தானே செய்கிறது என்று திருப்பி அடிக்கிறாள். காலில் விழுந்தபடியே எதிர்ப்பேச்சு! அதற்குத்தான் அவர், உன் விசுவாசம் பெரியது என்கிறார். மகளுக்கு அந்த நேரமே குணமாகிறது.

புத்தகத்தை மூடிவைத்தேன். அவளிடம் யாரும் விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை. கும்பிட்டு வந்த பழைய சாமியை விட்டுவிட்டாயா என்றும் கேட்கவில்லை. அவளிடம் இருந்தது ஒன்றுதான்: மகளுக்காக வந்திருக்கிறேன், போ என்றாலும் போக மாட்டேன். அந்தப் பிடிவாதத்துக்கு முன்பக்கம் அன்பு என்றும் பின்பக்கம் விசுவாசம் என்றும் பெயர் போலிருக்கிறது.

"ஏலம் கூற வாய்யா, பழம் காயுது"ன்னு அந்தப் பக்கம் கத்தினார்கள்.

சனிக்கிழமை மாலை கமிட்டி அறையில் ஒன்பது பேர், பத்து நாற்காலி, ஒரு தட்டு மிக்சர். கானானியப் பெண்ணின் கதையை நிதானமாக, கம்பீரமாகச் சொல்வதாகத் திட்டம். சொன்னேன். பாதியில் குரல் மண்டிக் குரலாக மாறியதைத் தவிர வேறு விபத்து இல்லை. தலைமையாசிரியர் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் நிஜமான கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"அந்த எடத்துல நிக்கும்போது, யார் முன்னாடி நிக்கறம்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

வாயில் மூன்று ஜோக் வந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

"தெரியாது சார். தெரியும்னு சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்க, என் பொண்டாட்டி என்ன மதிக்க மாட்டா. யாருக்காக நிக்கறேன்னு மட்டும் தெரியும்."

"அந்தக் கானானிய ஸ்திரீ கேட்டா சார்" என்றார். "எனக்கு உதவி பண்ணும்னு விழுந்து கேட்டா. நீங்க வாதாடறீங்க."

அடி சரியாகத்தான் விழுந்தது. ஆனால் நானும் படித்துவிட்டு வந்தவன்.

"கேட்டப்புறம்தான் சார் அவ ஜாஸ்தி வாதாடினா. நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். இருவத்தி மூணு வருசமா அந்தக் கடைசி பெஞ்சுல வந்து ஒக்காந்திருக்கறது வேற என்னா சார்? எலவச ஃபேனா? வீட்லயும் ஃபேன் இருக்கு. ஏலத்துக்கு என் வாயி வேணும், பொண்ணோட நடக்க என் காலு வேணாமா? தடுக்கறதுன்னா தடுங்க. தாய்மாமன் கோட்டப் போட்டுக்கினு நடக்கட்டும். பின்னாடியே நானும் நடப்பேன். மூணு வயசுல அந்தப் பலிபீடத்துலேர்ந்து அவளத் தூக்கிவந்தவன் நான். அங்க கொண்டுபோயி விடறவனும் நான்தான். கடைசியாக் கேக்கறேன்... ஒரு தரம்!"

அந்த 'ஒரு தரம்' நான் சொன்னதல்ல. வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது. மேசையைத் தட்டிக் கையும் தூக்கியிருந்தேன். மாதர் சங்கத்து அம்மா ஒருவருக்கு மிக்சர் புரையேறியது. ஆயர் முகத்தை ஃபைலுக்குள் புதைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. விதிப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, அவரவர் மனச்சாட்சிப்படி என்று எழுதிக்கொண்டு கலைந்தார்கள். அதாவது, தலைமையாசிரியர் மறுபடி எழுந்தால் மறுபடி ரகளை.

மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. ஆயர் ஓலையை எடுத்து வாசித்தார். தடை அறிந்தவர்கள் யாரேனும் என்ற இடத்துக்கு வந்தார். முன் வரிசையில் தலைமையாசிரியர் எழுந்தார். என் இடது காது பற்றி எரிந்தது. பக்கத்தில் மனைவி என் முழங்கையை நகத்தோடு பிடித்தாள். அவர் மெல்ல நடந்து ஜன்னலோரம் போய், சாரல் அடித்துக்கொண்டிருந்த கதவைச் சாத்தி, நனைந்த பாட்டுப் புத்தகங்களை நகர்த்தி வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆயர் அதுவரைக்கும் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று மச்சான் சாம்பல் கலர் கோட்டில் வந்தான். இடுப்பில் இறுக்கம். "மாமா, நான் பெஞ்சுல ஒக்காந்துக்கறேன். இதப் போட்டுக்கினு நடந்தா பட்டன் தெறிச்சி ஆயரு மேல வுழும்" என்றான். அவன் இடுப்பைப் பார்த்தேன். பட்டன் கெட்டியாகத்தான் இருந்தது.

வாசலில் மகள் என் கையைப் பிடித்தாள். முப்பது அடி. நடக்க ஆரம்பித்தோம்.

"அப்பா, நடுங்கறது நீங்களா நானா?"

"ரெண்டு பேருமில்ல. தரை."

பாதி வழியில் எங்கள் கடைசி பெஞ்சு ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒருவர் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தார். முன் வரிசையில் தலைமையாசிரியர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டிப் போனோம். நான் தலையைக் குனியவில்லை, அவரும் குனியவில்லை.

பலிபீடத்துக்கு முன்னால் நின்றதும், பெண்ணை விவாகத்துக்குக் கொடுப்பவர் யார் என்று ஆயர் கேட்டார்.

ஒரு வார்த்தைதான் பதில். வாரம் முழுதும் கண்ணாடி முன்னால் நின்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முப்பது வருடம் மண்டியையே கிடுகிடுக்க வைத்த தொண்டை, பலாக்கொட்டை சிக்கினது போல நின்றுவிட்டது. ஆயர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், திரும்பவும் கேட்டார். பெஞ்சுகளில் முணுமுணுப்பு ஓடியது. இரண்டு தரம் என்று எனக்குள்ளே ஒரு பாவி சொன்னான்.

பின்னாலிருந்து, முன் வரிசையிலிருந்து, அந்தப் பள்ளிக்கூடக் குரல் தாழ்வாக வந்தது.

"வாய் வரலன்னா கையத் தூக்குங்க சார்."

தூக்கினேன். முழங்கை மடங்காமல், உச்சிக்கு, மண்டியில் பழம் கேட்பவர்கள் தூக்குவது போலத் தூக்கினேன். யார் முன்னாடி என்று அப்போதும் எனக்குத் தெரியாது. ஆயர் அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அதற்கடுத்த வரிக்கும் போனார். என் கை மேலேயே இருந்தது.

மகள் முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி அதைக் கீழே இழுத்தாள்.

"போதும்ப்பா. எறக்குங்க. ஏலம் முடிஞ்சிடுச்சி."